வழி கேட்டு நிற்போர்

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் சிவாஜி நகரிலுள்ள தூய மரியன்னை பேராலயத்தில் கொடியேற்றம் நடைபெறுகின்றது. அதனைத் தொடர்ந்து நவநாள் வழிபாடு. செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழாவும் தேர்ப் பவனியும். அந்நாட்களில் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சூழ்ந்த தெருக்களில் நடப்பதற்கு இடம் கிடைப்பதே அரிது. காவிச் சேலை உடுத்த பெண்டிரும், குழந்தையைத் தோளில் சுமந்த தந்தையரும், முதியோரும் மெழுகுவத்தியும் மலரும் ஏந்தி வரிசையில் நிற்கின்றனர். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என மும்மொழியிலும் வேண்டுதல் எழுகின்றது. கிறிஸ்தவர் மட்டுமல்லர், பிற சமயத்தவரும் பெருந்திரளாக வருகின்றனர்.

இக்கோவிலின் தொடக்கத்தை நம் இல்லங்களில் அறிந்தோர் சிலரே. செஞ்சிப் பகுதியிலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள், பல தலைமுறைகளுக்கு முன்னர், இவ்விடத்தில் ஒரு கூரைக் குடிலை எழுப்பி அதனுள் அன்னையை வணங்கினர் என்று கோவில் வரலாறு கூறுகின்றது. 1799ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர், அபே துபுவா என்ற பிரெஞ்சுக் குருவானவர் அக்குடிலில் வழிபாடு நடத்தினார். குடில் கோவிலாயிற்று, கோவில் விரிந்தது. இன்று வானளாவி நிற்கும் கோதிக் கட்டடம் 1882ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அருட்பொழிவு பெற்றது. 1973இல் பேராலயம் என்னும் சிறப்பு நிலைக்கு உயர்ந்தது. இவை அனைத்திற்கும் அடியில் இருப்பது, நம்மைப் போலவே ஊரை விட்டு வந்த சிலர் அமைத்த கூரைக்கொட்டகை. தமக்கு வீடு அமையும் முன்னரோ, அமைந்த பின்னரோ, வழிபட ஓரிடம் வேண்டும் என அவர்கள் எண்ணியிருக்கின்றனர்.

அவ்வரிசையில் நிற்பவர்கள் வேண்டுவன யாவை? வேலை, வீடு, மகப்பேறு, மகளுக்கு நல்ல இடம், நோய் நீக்கம், கடன் தீர்வு. இவற்றில் ஒன்றும் இழிவானதன்று. ஆயின் இவற்றினும் வேறான ஒரு வேண்டுதல் உண்டு. "இன்னது தருக" என்பது ஒன்று; "யான் செல்ல வேண்டிய வழி யாது?" என்பது மற்றொன்று. இரண்டாவதனைக் கேட்பதற்கு நம்மில் பலருக்குப் பழக்கமில்லை. நாங்களும் நெடுங்காலம் கேட்டதில்லை. கேட்க நேர்ந்த கதையைச் சொல்லிவிட்டு, கிறிஸ்தவ மரபு இதற்கென வகுத்துள்ள முறையையும் இங்கு எழுத விரும்புகின்றோம். பிற சமயத்து நண்பர்களுக்கும் இது பயன்படும் என்பது எங்கள் எண்ணம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்தில் ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டில் பணி, இங்குப் பெறும் ஊதியத்தைப் போல் மும்மடங்கு. வீட்டுக் கடன் பாதிக்கு மேல் நின்றது. மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் தனித்திருந்த தந்தையாருக்கு நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகின்றார் என்று அண்டை வீட்டார் இருமுறை தொலைபேசியில் சொல்லிவிட்டனர். நாங்கள் இருவரும் நவநாள் முழுவதும் தவறாது சென்றோம். "விசா தடையின்றிக் கிடைக்க வேண்டும்" என்பதே வேண்டுதல். போவதா இல்லையா என்று கேட்கவே இல்லை. அதனை நாங்களே முடிவு செய்து, கையொப்பம் மட்டும் இறைவனிடம் வாங்க முயன்றோம் என்பது இப்போது விளங்குகின்றது.

எட்டாம் நாள் மாலையில் எங்களுக்கு அறிமுகமான முதிய குருவானவர் ஒருவரைச் சந்தித்து, "சாமி, விசாவுக்காக மன்றாடுங்கள்" என்றோம். அவர் மறுக்கவில்லை. "மன்றாடுகின்றேன். ஆனால் போவது சரிதானா என்று யாரிடமாவது கேட்டீர்களா?" என்று வினவினார். எங்களிடம் மறுமொழி இல்லை. அவர் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. ஒரு பயிற்சி தந்தார்.

"ஐந்து நாள், போவதென்று முடிவு செய்துவிட்டவராகவே எழுந்திருங்கள், உண்ணுங்கள், வேலைக்குச் செல்லுங்கள். அடுத்த ஐந்து நாள், இருப்பதென்று முடிவு செய்துவிட்டவராக வாழுங்கள். ஒவ்வோர் இரவும் அன்று மனம் இருந்த நிலையை இரண்டு வரி எழுதுங்கள். இருவரும் தனித்தனியே எழுதுங்கள். பத்தாம் நாள் வரையில் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டா. பின்னர் இருவரும் வாருங்கள்" என்றார்.

இம்முறை அம்முதியவர் புதிதாக இயற்றியதன்று. ஏறத்தாழ 500 ஆண்டுப் பழமையுடைய ஒரு மரபிலிருந்து எடுத்தது. 1521ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுப் பம்ப்லோனாக் கோட்டையில் நடந்த போரில், இஞ்ஞாசி என்னும் வீரரின் காலைப் பீரங்கிக் குண்டு சிதைத்தது. லொயோலாவிலுள்ள தம் வீட்டில் அவர் பல திங்கள் படுத்திருந்தார். பொழுது போக்க வீரக் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் கிடைத்தனவோ இயேசுவின் வரலாறும் புனிதர் வரலாறுகளுமே. படிப்பார், படித்தபின் கனவு காண்பார். அரண்மனைப் புகழை எண்ணிய கனவுகள் எண்ணும்போது இனித்தன. கலைந்தபின் மனத்தை வறட்சியாக்கின. எளியவராய் இறைவனைப் பின்செல்லும் எண்ணங்களோ, கலைந்த பின்னும் அமைதியை விட்டுச் சென்றன. இவ்வேறுபாட்டை அவர் கூர்ந்து நோக்கினார். எந்த எண்ணம் எங்கே கொண்டு விடுகின்றது என்று பின்தொடர்ந்து பார்ப்பதே அவர் கண்ட வழி. மன்ரேசா என்னும் ஊரில் தவமிருந்தபோது இவ்வறிவு முதிர்ந்தது. அதன் பயனாக அவர் எழுதிய ஆன்மப் பயிற்சி நூலுக்கு 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார்.

இந்நெறி தமிழகத்திற்குப் புதியதன்று. இஞ்ஞாசியாரின் தோழரான புனித சவேரியார் 1542இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றினார். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் இஞ்ஞாசியார் நிறுவிய இயேசு சபையைச் சேர்ந்தவரே. உலக அலுவலை விட்டுச் சில நாள் ஒதுங்கி, மௌனத்தில் தம்மை ஆராய்வதனை நம் பாட்டனார் காலத்துக் கத்தோலிக்கர் 'ஞானவொடுக்கம்' என்று அழகிய பெயரால் வழங்கினர். அச்சொல்லை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் விட்டதே குறை.

வழி தேடும் இம்முறையில் சில படிகள் உள்ளன. முதலாவது, மனத்தை நடுநிலையில் நிறுத்துதல். தராசின் முள் எப்பக்கமும் சாயாது நிற்பதுபோல், எது கிடைப்பினும் ஏற்பேன் என்னும் நிலைக்கு வர முயல வேண்டும். முயன்றால்தான், நாம் ஏற்கெனவே எவ்வளவு சாய்ந்திருந்தோம் என்பது தெரியும். இரண்டாவது, செய்திகளைத் திரட்டுதல். ஊதியம், கடன், பிள்ளையின் படிப்பு, பெற்றோரின் உடல்நிலை ஆகியவற்றைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். இறைவன் அறிவைக் கொடுத்திருக்க, அதனை மூடிவைத்துவிட்டுக் குறிகேட்பது பக்தியாகாது. மூன்றாவது, ஒவ்வொரு வழியையும் மனத்தில் வாழ்ந்து பார்த்து, அது விட்டுச் செல்லும் சுவையைக் குறித்தல். நான்காவது, தகுந்த ஒருவரிடம் அனைத்தையும் திறந்து சொல்லுதல். ஐந்தாவது, முடிவு செய்ததை இறைவன் திருமுன் வைத்துச் சில நாள் காத்திருத்தல்.

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்றோர் அதிகாரமும், 'பெரியாரைத் துணைக்கோடல்' என்றோர் அதிகாரமும் இருப்பதை நேயர்கள் அறிவர். ஆராய்ந்து செய்வதும், பெரியோரைத் துணையாகக் கொள்வதும் நம் மண்ணுக்கு என்றும் உரியனவே. கிறிஸ்தவ நெறி இவற்றோடு சேர்ப்பது ஒன்று: உடன் நடப்பவர் ஒருவர் உண்டு என்னும் நம்பிக்கை. இயேசு சிலுவையில் இறந்தபின், மனமுடைந்த சீடர் இருவர் எருசலேமை விட்டு எம்மாவு என்னும் சிற்றூருக்குச் சென்றனர். வழியில் அயலார் ஒருவர் உடன் சேர்ந்தார். அவர் முதலிற் செய்தது அறிவுரை கூறுதலன்று. என்ன பேசிக்கொண்டு போகின்றீர்கள் என்று கேட்டார். அவர்கள் துயரம் முழுவதையும் சொல்லவிட்டுப் பிறகே பேசினார். உணவு வேளையில் அப்பத்தைப் பிட்டபோதுதான் அவரை இயேசு என்று கண்டுகொண்டனர். நல்ல ஆன்ம வழிகாட்டிக்கு இலக்கணம் இதுவே. அவர் முதலில் கேட்பார்.

பத்து நாட்கள் கழிந்தன. நாங்கள் எழுதியவற்றை அம்முதியவர் முன்னிலையில் பிரித்துப் படித்தோம். போவதாக வாழ்ந்த நாட்களில், முதல் இரண்டு நாள் மகிழ்ச்சியும் ஊக்கமும் நிறைந்திருந்தன. மூன்றாம் இரவு முதல், "தந்தையாரிடம் எப்படிச் சொல்வது" என்னும் வரி திரும்பத் திரும்ப வந்தது. இருப்பதாக வாழ்ந்த நாட்களில் கடனைப் பற்றிய அச்சம் மிகுந்திருந்தது. ஆயினும் இரவில் உறக்கம் வந்தது.

முடிவு எளிதாகிவிட்டது என்று குடும்பத் தலைவர் எண்ணினார். ஆனால் இல்லத்தரசியின் தாளில் வேறொன்று இருந்தது. "இவருக்கு வந்திருக்கும் அமைதி உண்மையான அமைதியா, புதிய நாட்டைக் கண்டு அஞ்சும் அச்சம் ஓய்ந்ததால் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை" என்று அவர் எழுதியிருந்தார். படித்தபோது சற்று நேரம் சினம் எழுந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. குருவானவர் அவ்வரியையே பிடித்துக்கொண்டார். "இதுதான் நல்ல கேள்வி. இன்னும் ஒரு வாரம் இதனை வைத்து மன்றாடுங்கள். தந்தையார் இல்லையென்றால் போவீர்களா என்று உங்களையே கேளுங்கள்" என்றார்.

கேட்டுப் பார்த்தோம். போவோம் என்பதே விடை. ஆகவே எங்களைத் தடுத்தது அச்சம் அன்று. ஒரு கடமையும், அக்கடமையின்மேல் இருந்த அன்பும் என்பது தெளிந்தது. நாங்கள் போகவில்லை. தந்தையாரை இங்கு அழைத்து வந்தோம். இவ்வாறு முடிவு செய்ததே அனைவருக்கும் சரியென்று கூற வரவில்லை. எங்களைப் போன்ற நிலையில் மற்றொரு குடும்பம் போவதே தக்கதென்று இதே முறையில் காணக்கூடும். ஆபிரகாம் தம் எழுபத்தைந்தாம் வயதில், செல்லும் இடம் யாதெனத் தெரியாமலே, இறைவன் அழைப்பை ஏற்றுத் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டார் என்று மறைநூல் கூறுகின்றது. ஊரை விட்டுப் புறப்படுவதும் இறைவழியாக இருக்கலாம். தங்குவதும் இறைவழியாக இருக்கலாம். எதனால் புறப்படுகின்றோம், எதனால் தங்குகின்றோம் என்பதே ஆராய்தற்குரியது.

இவ்வாறு வழி தேடி, நம் அருகிலேயே வாழ்ந்து காட்டியோர் உளர். பெங்களூரிலிருந்து சென்னை செல்லும் இரயிலில் நாம் ஜோலார்பேட்டையைக் கடக்கின்றோம். அதற்கருகிலுள்ள திருப்பத்தூரில் 1921ஆம் ஆண்டு மருத்துவர் இருவர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். ஒருவர் தமிழரான சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காத்லாந்தினரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். ஆள்வோரும் ஆளப்படுவோருமாய் நாடுகள் பிரிந்திருந்த அந்நாளில், இருவரும் உடன்பிறந்தாரைப்போல் ஒரே இல்லத்தில் எளிய வாழ்வு வாழ்ந்து, ஏழைகளுக்கு மருத்துவம் செய்தனர். திராவிடக் கட்டடக் கலை முறையில் அவ்வாசிரமத்தின் வழிபாட்டுக் கூடம் எழுந்தது.

மற்றொருவர் நம்மைப்போலவே தமிழ்நாட்டிலிருந்து இந்நகருக்கு வந்தவர். தென்னார்க்காடு மாவட்டத்துக் கல்லேரியில் 1932இல் பிறந்த அமலோற்பவதாஸ் அடிகளார், 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தைத் தொடங்கி நடத்தினார். தரையில் அமர்ந்து, விளக்கேற்றி, கைகுவித்து, ஆரத்தி எடுத்து இந்திய முறையில் வழிபடுவதற்கு 1969இல் உரோமை இசைவு தந்தபோது, அதற்காக உழைத்தவருள் முதன்மையானவர் அவர். அதனை ஏற்காதோரும் திருச்சபைக்குள் பலர் இருந்தனர். எதிர்ப்பு வலுவாகவே எழுந்தது. அவர் பின்னர் மைசூரில் அஞ்சலி ஆசிரமத்தை அமைத்து, வழி தேடி வந்தோர் எச்சமயத்தவராயினும் ஏற்றார். 1990இல் சாலை விபத்தில் மறைந்தார். கூட்டங்களையும் நிறுவனங்களையும் நடத்திய அவர், இறுதியில் மௌனத்திற்கென ஓரிடம் அமைத்தது நாம் எண்ணத்தக்கது.

ஆசிரமம் செல்ல நேரமில்லாத இல்லத்தார் என்ன செய்வது? பணியும், போக்குவரத்து நெரிசலும், பிள்ளைகளின் பாடமுமாக நாள் கழிகின்றது. இதற்கு இஞ்ஞாசியார் காட்டிய எளிய பயிற்சி, இரவில் செய்யும் ஆத்தும சோதனை. பதினைந்து நிமிடம் போதும். முதலில் அன்று பெற்றவற்றிற்கு நன்றி கூறுக. அடுத்து, உள்ளதை உள்ளவாறு காணும் ஒளியை வேண்டுக. பின்னர் காலை முதல் நடந்தவற்றை ஒவ்வொன்றாக நினைக்க: எங்கே அன்பு மிகுந்தது, எங்கே மனம் சுருங்கியது? தவறியதற்கு மன்னிப்புக் கேட்க. நாளைக்குச் செய்ய வேண்டிய ஒன்றைத் தீர்மானித்து முடிக்க. இதனைத் தாய்மொழியிற் செய்வது நலம். பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் செபிக்கின்றனர். தெருவில் கன்னடம் பேசுகின்றனர். கன்னடத்தைச் செவ்வனே கற்பது அயலாரை நேசிப்பதன் ஒரு பகுதியே. ஆயினும் உள்ளத்தின் ஆழத்தைத் தொடும் சொற்கள் அவர்களுக்கு ஒரு மொழியிலாவது வேண்டும். அதனை வீட்டில் நாம்தான் தர இயலும்.

எச்சரிக்கை சிலவும் கூறுதல் வேண்டும். "இறைவன் உனக்காக என்னிடம் பேசினார், இவ்வேலையை விடு, இவனை மணந்துகொள்" என்று கட்டளையிடுவோரிடம் அகன்றிருத்தல் நன்று. மறைநூலைக் கண்மூடித் திறந்து, விரல் பட்ட வரியைத் தெய்வ வாக்காகக் கொள்வதும் வழித்தேடல் ஆகாது. எலியா என்னும் இறைவாக்கினர் ஓரேபு மலையில் காத்திருந்தபோது, பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் அன்றி, அவற்றின்பின் வந்த மெல்லிய ஒலியில்தான் இறைவனை உணர்ந்தார் என்பது மறைநூற் செய்தி. உண்மையான வழிகாட்டி பொருள் கேட்கமாட்டார், கேட்டதை வெளியிடமாட்டார், நம் முடிவை நம்மிடமிருந்து பறிக்கமாட்டார். மேலும், பல வாரம் உறக்கமின்மை, வாழ்வில் வெறுப்பு, காரணமில்லா அச்சம் முதலியன இருப்பின் அவற்றைப் பாவம் என்றோ பேய் என்றோ எண்ணி வருந்த வேண்டா. மருத்துவரை நாடுக. இந்நகரிலேயே நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிறுவனம் உள்ளது. மருந்தும் மன்றாட்டும் ஒன்றையொன்று தடுப்பனவல்ல.

வழிகாட்டியை எங்கே தேடுவது? பங்குக் குருவையோ, திருச்சபைப் போதகரையோ முதலில் அணுகலாம். குருத்துவக் கல்லூரிகளும் கன்னியர் இல்லங்களும் துறவியர் மடங்களும் மிகுந்த நகர் இது. குருவானவரே வேண்டும் என்பதில்லை. செபத்தில் முதிர்ந்த கன்னியரோ, இல்லறத்தாரோ ஆகலாம். திங்களுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் சந்தித்தால் போதும்.

எங்கள் கதையின் எஞ்சிய பகுதி இது. தந்தையார் எங்களோடு பதினான்கு திங்கள் வாழ்ந்தார். எளிதான காலமன்று. இரவில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு செஞ்சிச் சாலை எங்கே என்று கேட்பார். கடைசித் திங்களில் எங்கள் பெயர்களும் அவருக்கு மறந்துபோயின. ஆயினும் மாலையில் விளக்கேற்றிச் செபமாலையைத் தொடங்கினால், ஒரு சொல்லும் பிறழாமல் தமிழில் உடன் சொல்வார். அருகில் அமர்ந்து சொல்லச் சொல்லப் பேத்தியும் அதனைக் கற்றுக்கொண்டாள். எங்களோடு விண்ணப்பித்து வெளிநாடு சென்ற நண்பர் வீடு இரண்டு வாங்கிவிட்டார்; எங்கள் கடன் இன்னும் நான்கு ஆண்டு நிற்கின்றது. அதனை நினைக்கும்போது சில நாள் மனம் வாடுவதுண்டு. அன்றைய இரவும் இரண்டு வரி எழுதுகின்றோம்.

வரும் ஆகஸ்டு 29ஆம் நாள் மீண்டும் கொடியேறும். செஞ்சியிலிருந்து வந்தோர் கூரைக் குடிலில் நின்ற அதே இடத்தில் நாமும் நிற்போம். கேட்கவேண்டியவற்றை எல்லாம் கேட்போம். அவற்றோடு, "வழி யாது?" என்னும் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டு, வீட்டிற்கு வந்து சிறிது நேரம் மௌனமாக இருந்து பார்க்குமாறு நேயர்களை அன்புடன் வேண்டுகின்றோம்.